மிதவையில் நான்காவது ஆள்

1

சென்ற வாரம் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் மகள் யாழினி எனக்கு வாட்ஸாப்பில் ஒரு கோப்பு அனுப்பினாள். எங்கள் தீவிலிருந்து பாலம் தாண்டிப் பெருநிலத்தில் இருக்கும் ஒரு நீர்ப்பூங்காவின் உடை விதிகள். ஆறு பக்கம். கீழே ஒரு வரி: "அப்பா, ஃபுல்லா படிங்க. ப்ளீஸ்."

இதில் என்ன விசேஷம் என்று ஊரில் இருக்கும் உங்களுக்குத் தோன்றலாம். அவளுக்குப் பதினேழு வயது. மூன்று வருடமாக அவள் எனக்கு அனுப்பிய செய்திகளைத் தொகுத்தால் 'ஓகே', 'கேட்ல நிக்கிறேன்', 'டேட்டா முடிஞ்சிருச்சு' என்ற மூன்றில் அடங்கிவிடும். இன்னும் இரண்டு வாரத்தில் ஜொகூருக்குப் படிக்கப் போகிறாள். போகும் முன் அப்பாவை ஓர் இடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள். தொழிற்சாலைக் கேன்டீனில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றை வைத்துக்கொண்டு அந்த ஆறு பக்கத்தையும் காதல் கடிதம் போலப் படித்தேன்.

அன்று மாலை, வீட்டில், ஏன் என்னைக் கூப்பிட்டாள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"ராஃப்ட்ல மினிமம் நாலு பேர் இருக்கணும்ப்பா. நான், ஹுய் மின், ஐனா. மூனு பேர்தான். ஐனாவோட அண்ணன் வரலன்னுட்டான்."

"அப்ப நான் எடைக்கு."

"அப்படியும் சொல்லலாம்," என்றாள். சிரித்தாள்தான். அது போதாதா?

என் வேலை என்னவென்று சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு உடை உடுத்தக் கற்றுக்கொடுக்கிறேன். தூசி புகாத அறைக்குள் போக ஒரு முறை இருக்கிறது. முதலில் தலைக்கவசம், அப்புறம் முகமூடி, முழு அங்கி, கடைசியில் காலுறை. அங்கி தரையைத் தொடக் கூடாது. முடி தெரியக் கூடாது. நகை கூடாது, கடிகாரம் கூடாது, பவுடர் கூடாது. பதினெட்டு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனிதனைக் கண்கள் மட்டும் தெரியும்படி மூடுவதில் நான் வல்லவன். நீர்ப்பூங்காவில் காரியம் தலைகீழ். அங்கே எதையும் மூடி மறைக்க முடியாது.

2

இந்த நாட்டில் நாங்கள் முதன்முதலாகப் போன கேளிக்கைப் பூங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழினிக்கு அப்போது ஐந்து வயது. குடும்பத்தோடு வெளியே போகிறோம், நல்லதாக உடுத்த வேண்டும் என்பது என் கணக்கு. நான் முழுக்கைச் சட்டை, தோல் காலணி. யாழினிக்குப் பட்டுப் பாவாடை, தலை நிறைய மல்லிகை. என் மனைவி கலா இங்கேயே பட்டர்வொர்த்தில் பிறந்தவள், விவரம் தெரிந்தவள். "டீ சட்ட போட்டா போதும்லா" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் எனக்காக ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சுற்றிலும் எல்லாரும் அரைக்கால் சட்டையில் இருந்தார்கள். நுழைவாயிலில் நின்ற பெண் எங்களைப் பார்த்து, கல்யாண மண்டபம் பக்கத்துத் தெருவில் என்று பணிவாக வழி சொன்னாள்.

அந்தப் புத்தியை எனக்குக் கொடுத்தவர் என் அப்பா. திருச்சியில் ஒரு துணிக்கடையில் முப்பது வருடம் விற்பனையாளராக இருந்தார். பொருட்காட்சிக்குப் போவதென்றால் முதல் நாளே சட்டைகள் இஸ்திரிக்குப் போய்விடும். ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தால் உயரத்தைக் கண்டு அவர் பயப்பட மாட்டார். சட்டையின் பின்பக்கம் கசங்கிவிடுமோ என்றுதான் பயம். சாயாமல், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேட்டிக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். "நாலு பேர் பாக்கிற எடம்டா," என்பார். நாங்கள் இருந்த பெட்டி உச்சியில் நின்றிருந்தது. காக்கையைத் தவிரப் பார்க்க ஆளில்லை.

அன்று பூங்காவில் எடுத்த யாழினியின் பட்டுப் பாவாடைப் படம் வெகுநாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. அவள் அதைத் தன் தோழிகளுக்குக் காட்டிப் பெருமைப்பட்ட காலம் உண்டு. பதின்மூன்று வயதில் ஒரு நாள் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்த விஷயங்கள் என்னிடம் நிறையச் சேர்ந்துவிட்டன.

3

ஆறு பக்கத்தின் சாரம் இதுதான். பருத்தி கூடாது, ஜீன்ஸ் கூடாது. பித்தான், ஜிப், கொக்கி, உலோகம் எதுவும் கூடாது. சறுக்குப் பாதையைக் கீறிவிடும். தொங்கும் கயிறு, நாடா கூடாது. வேட்டி, கைலி, சேலை என்று தனித்தனியாகப் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். எனக்கு முன்னால் என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் அங்கே போயிருக்கிறார்கள் என்று புரிந்தது. மலாய்ப் பெண்கள் தலை முதல் கால்வரை மூடிய நீச்சலுடை ஒன்றைக் கண்டுபிடித்து இந்தப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துக்கொண்டார்கள். நாம் இன்னும் பழைய டீ சட்டையும் டிராக் பேண்டுமாக வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

கடையில் என் அளவுக்கு நீச்சலுடை இருந்தது ஒரே நிறத்தில், ஆரஞ்சு. வெள்ளிக்கிழமை மாலை அதை உடுத்திக்கொண்டு கூடத்தில் வந்து நின்றேன்.

"எப்படி இருக்கு?"

கலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கினாள். "கேஸ் சிலிண்டருக்கு உறை போட்ட மாதிரி இருக்குலா."

யாழினி சிரிக்கவில்லை. கைப்பேசியில் விதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைச் சுற்றி வந்தாள். "கையத் தூக்குங்க. திரும்புங்க. ஜிப் இருக்கா? பாக்கெட்ல பட்டன்?" புதிய தொழிலாளிகளை நான் தினமும் இப்படித்தான் சுற்றி வருகிறேன். எத்தனை பேர் என்னை மனதுக்குள் திட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஓகே. பாஸ்."

பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறியபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை.

4

சனிக்கிழமை காலை, பசியாறிவிட்டு, தோழிகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, பாலம் தாண்டி, பத்து காவான் என்ற ஊரில் புதுக் கட்டடங்களுக்கு நடுவே வழி தவறி, போய்ச் சேர்ந்தோம். வாசலில் கலாவின் சுடிதார் பருத்தி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். உள்ளே போகலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது. அவள் அதற்காகவே அதை உடுத்தி வந்தாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். "நான் நிழல்ல உக்காந்துக்கறேன். நீங்க போய் நனைஞ்சிட்டு வாங்க," என்று சொல்லி எல்லாருடைய செருப்பையும் வாங்கிக்கொண்டாள்.

மிதவைச் சறுக்கலுக்கு வரிசையில் நின்று நின்று ஏழு மாடி ஏற வேண்டும். மூன்று பெண்களும் முன்னால் ஆங்கிலமும் மலாயுமாகப் பேசிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். நடுவில் யாழினி திரும்பி, "அப்பா, ஓகேவா?" என்றாள். ஹுய் மின் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அந்த நாலு பேரில் ஒருவனாக இருந்தேன். ஏறக்குறைய முக்கால் மணி நேரம்.

உச்சியில் காற்று பலமாக அடித்தது. என் சட்டை வயிற்றுக்கு மேல் ஏறியது. மிதவையைப் பிடித்துக்கொண்டிருந்த மலாய்ப் பையன் என் இடுப்பைப் பார்த்தான்.

"அங்கிள், அது என்ன?"

என் அரைஞாண். கறுப்பு நைலான் கயிறு, அதில் கோத்த வெள்ளித் தாயத்து. ஒவ்வொரு நாளும் நூறு பேரிடம் நகை கூடாது என்று சொல்லிவிட்டு, அங்கிக்கு அடியில் இதைக் கட்டிக்கொண்டு தூசி புகாத அறைக்குள் போய் வந்தவன் நான். என் மேலாளருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பையன் மரியாதையாகத்தான் சொன்னான். "சாரி அங்கிள். தக் போலே, விட முடியாது. மெட்டல் இருக்கு, கயிறும் இருக்கு. கழட்டிட்டு வாங்க."

"கழட்டுங்கப்பா," என்றாள் யாழினி.

"கழட்ட வராதும்மா. முடிச்சு இறுகிப்போச்சு."

"கீழ இழுத்துக் கழட்டுங்க."

"அதுக்கு வயிறு விடாது." கயிறு அப்படியே இருந்தது. நான்தான் ஒன்பது வருடமாக வளர்ந்துவிட்டேன்.

"அப்ப போய் கட் பண்ணிட்டு வாங்க. ஸ்ட்ரிங்தானப்பா?"

பின்னால் வரிசை படிக்கட்டு முழுக்க நின்றது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஐனா வேறு பக்கம் பார்த்தாள், என் மானத்தைக் காப்பாற்ற. யாழினியின் காது மடல் சிவந்துவிட்டது. சின்னக் குழந்தையிலிருந்து அவளுக்கு வெட்கம் வந்தால் முதலில் சிவப்பது அதுதான்.

"எனக்கு முட்டி வலிக்குது. நீங்க போங்க," என்றேன்.

பையன் வரிசையைப் பார்த்துத் தனி ஆள் யாராவது உண்டா என்று கேட்டான். கண்ணாடி போட்ட ஒரு சீன அங்கிள் கையைத் தூக்கிக்கொண்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தார். மிதவை கிளம்பியது. யாழினி போட்ட கூச்சல் அந்தக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றிக் கீழே போயிற்று. எவ்வளவு சந்தோஷமான கூச்சல். நான் மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வரிசைக்கு எதிராக ஏழு மாடி இறங்கினேன்.

5

ஒரு கயிற்றுக்கு ஏன் இவ்வளவு என்று ஊரில் நீங்கள் கேட்க மாட்டீர்கள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், யாரிடமாவது.

நான் முதன்முதலில் இங்கே வரக் கிளம்பியபோது அதைக் கட்டிவிட்டவர் அப்பா. துணிப் பொட்டலம் கட்டிப் பழகிய கை. அவர் போடும் முடிச்சை வாடிக்கையாளர் வீட்டில் அரிவாள்மனை கொண்டுதான் அறுக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் புதுக் கயிறு மாற்றிவிடுவார். முதலில் புதியதைக் கட்டி, தாயத்தை அதற்கு மாற்றி, அப்புறம்தான் பழையதை அறுப்பார். "ஒன்னு ஏறின பிறகுதான் ஒன்னு எறங்கணும். நடுவுல ஒரு செகண்டு கூட இடுப்பு மொட்டையா இருக்கக் கூடாது." ஏனென்று கேட்டதில்லை. மொட்டை இடுப்போடு போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று எனக்கும் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அவர் போனார். என் பாஸ்போர்ட் அப்போது விசா புதுப்பிக்கப் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை கிடைக்கும் என்றார்கள். குடிநுழைவு அலுவலகத்தில் நம்பர் சீட்டு எடுத்துக் காத்திருந்து கேட்டேன். அவசரம் என்றால் அதற்கு ஒரு படிவம் இருந்தது. படிவத்தோடு இறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பு வேண்டும். அப்பா போய் மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது, சான்றிதழுக்கு எங்கே போவது? கவுண்டரில் இருந்த அம்மா மிகவும் வருத்தப்பட்டார். எனக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். குறை சொல்ல ஆளில்லாத துக்கத்தை என்ன செய்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பா மகன் கார்த்தி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் இங்கே படுக்கையறையில் உட்கார்ந்து பார்த்தேன். குளிப்பாட்டினார்கள். புது வேட்டி சுற்றினார்கள். கரை மடிப்பு கோணலாக இருந்தது, அப்பா பார்த்திருந்தால் திட்டியிருப்பார். அப்புறம் ஒருவர் குனிந்து, அவர் இடுப்புக் கயிற்றை இரண்டு விரலால் தூக்கிப் பிளேடை வைத்தார். அந்த இடத்தில் நெட்வொர்க் போய்ப் படம் நின்றுவிட்டது. பிளேடு, கயிறு, அப்பாவின் இடுப்பு. அப்படியே வெகுநேரம் நின்றது. மறுபடி படம் ஓடியபோது கயிறு இல்லை.

யாழினிக்கு அப்போது ஒன்பது வயது. கூடத்தில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டது நான்தான். வெளியே வந்தபோது கண் ஏன் சிவப்பு என்று கேட்டாள். ஷாம்பு என்று சொல்லி, நுரை தள்ளுவது போல ஏதோ கூத்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவளை அப்படித்தான் வளர்த்தேன், எல்லாவற்றையும் கூத்தாக்கி. இன்றைக்கு நான் ஓர் உண்மையைச் சொன்னால் சிரிப்பு எந்த இடத்தில் வரும் என்று காத்திருப்பாள்.

அதற்கு முந்தின வருடம் அவர் கட்டிவிட்டதுதான் என் கடைசிக் கயிறு. அதன் பிறகு மாற்ற ஆளில்லை. மாற்றவும் இல்லை.

6

கத்தரிக்கோல் இருக்கும் இடம் முதலுதவி அறை. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழ் நர்ஸ் அக்கா மைலோ குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அடி பட்டுச்சு?"

"அடி இல்லக்கா. கத்தரிக்கோல் வேணும்."

"கத்தரிக்கோலக் கையில குடுக்க மாட்டோம். என்ன வெட்டணும், காட்டுங்க."

காட்டினேன். அவர் கத்தரிக்கோலை எடுத்துவிட்டு, பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். "புதுக் கயிறு கொண்டாந்தீங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படி அறுக்கறது? வெறும் இடுப்பாவுல்ல ஆயிரும்."

ஏழு மாடிக்கு மேல் ஒருவருக்கும் புரியாத விஷயம் இவருக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது. நான் ஒரு முட்டாளைப் போலத் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார். காயத்துக்கு ஒட்டும், தண்ணீரில் ஊறாத டேப் ஒரு சுருள் கிடைத்தது. "இது போதும். சாமி கோவிச்சுக்காது. சட்டையத் தூக்கிப் பிடிங்கண்ணே," என்று என் இடுப்பைச் சுற்றி ஒரு சுற்று ஒட்டினார். "இன்னும் கொஞ்சம் வயிறு இருந்தா டேப் பத்தாது."

பிறகு கத்தரிக்கோலைக் கயிற்றுக்குக் கீழே நுழைத்தார். "யாரு கட்டிவிட்டது? நல்ல முடிச்சு."

"அப்பா."

"இருக்காரா?"

அந்த அக்காவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை, பாஸ்போர்ட், படிவம், நின்றுபோன படம், எல்லாம். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எட்டு வருடத்தில் அதை முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. கலாவுக்கே துண்டு துண்டாகத்தான் தெரியும்.

அவர் கயிற்றை லேசாகத் தூக்கினார். "கண்ண மூடிக்கிறீங்களாண்ணே?" என்று கேட்டார். மூடிக்கொண்டேன். கத்தரிச் சத்தம் கேட்டது. ஊரிலிருந்து அன்றைக்கு என் காதுக்கு வராத சத்தம்.

தாயத்தைப் பஞ்சில் சுற்றிக் கையில் கொடுத்தார். அதைக் கொண்டுபோய்க் கலாவின் பையில் போட்டேன். அவள் பைக்குள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏங்க?" என்றாள். "அப்புறம் சொல்றேன். பொண்ணு காத்திருக்கும்," என்று ஓடினேன்.

பொண்ணு காத்திருக்கவில்லை. மறுபடி ஏழு மாடி ஏறிப் பார்த்தால், அவர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். மலாய்ப் பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "வந்துட்டீங்களா அங்கிள்? தனி ஆளா?" என்று கேட்டு, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு குடும்பத்தின் மிதவையில் என்னைச் சேர்த்துவிட்டான். இருட்டுக் குழாயில் சுழன்று போகும்போது, முன்பின் தெரியாத ஒரு நாலு வயதுப் பையன் பயந்து என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான். கீழே போய்ச் சேரும்வரை விடவில்லை.

7

மூன்று பெண்களும் கீழே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீரிலிருந்து நான் எழுந்து வருவதைப் பார்த்ததும் யாழினியின் முகம் மலர்ந்தது. அதை நான் கற்பனை செய்யவில்லை.

"ஏய், அப்பா வந்துட்டாரு. அந்த ஸ்ட்ரிங் என்னாச்சு?"

"கட் பண்ணிட்டேன்."

"பாத்தீங்களா, எவ்ளோ ஈஸி. ரெண்டு நிமிஷ வேல. அதுக்கு மேல நின்னு ஏன்ப்பா அவ்ளோ டிராமா?"

அவள் குரலில் கோபம் இல்லை, கேலிதான். தோழிகள் இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியது வாய்வரை வந்தது. "உள்ள ஒரு வயர் கூடுதலா ஓடிட்டு இருந்துச்சு. சர்வீஸ் பண்ணிட்டேன்," என்றேன். யாழினி சிரித்துவிட்டு மற்ற இருவருக்கும் அதை மலாயில் சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பை வரவழைப்பதில் எனக்கு நல்ல பயிற்சி. இடுப்பில் டேப் இழுத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் அவர்கள் அலைக்குளத்துக்குப் போனார்கள். அங்கே நாலு பேர் தேவையில்லை.

திரும்பி வரும்போது தோழிகளை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டோம். கலா பின் இருக்கையில் தூங்கிப்போனாள். யாழினி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காதில் இயர்போன் ஒரு பக்கம் மட்டும் இருந்தது, என் பக்கத்துக் காது திறந்திருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எங்கே தொடங்குவது, துணிக்கடையிலா, நம்பர் சீட்டிலா என்று யோசித்துக்கொண்டே இரண்டு சமிக்ஞை விளக்கைத் தாண்டிவிட்டேன்.

அவளே பேசினாள். யோசித்து, வார்த்தை பொறுக்கி, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி.

"அப்பா, அடுத்த தடவ இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் நீங்க வர வேணாம். உங்களுக்குச் சிரமம். நாங்க வேற யாரையாச்சும் சேத்துக்கறோம்."

"சிரமம் ஒன்னும் இல்லம்மா. அந்தக் கயிறு வந்து…"

"ஓகேப்பா." என் கையை லேசாகத் தட்டினாள். "நான் கோவிச்சுக்கல. அப்ப கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு, அவ்ளோதான். இப்ப ஓகே. விடுங்க."

மன்னித்துவிட்டாள். முழு மனதோடு, பெரிய மனுஷி மாதிரி. இன்னொரு காதிலும் பாட்டை மாட்டிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள்.

"தேங்க்ஸ்மா," என்றேன்.